அழுத்த இடமில்லாத பக்கம்

எங்கள் அலுவலகத்தில் அவனுக்கு வைத்த பெயர் ரேடியோ. வைத்தது யார் என்று தெரியாது. வைத்தவருக்குப் பெரிய கற்பனை ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. பிறவியிலேயே அவனுக்குக் கண் தெரியாது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று காலையிலிருந்து மாலைவரை அவன் காதில் கடகடவென்று பேசிக்கொண்டே இருக்கும். ஒரு காதில் அந்தக் குரல், மறு காதில் வாடிக்கையாளர் குரல், நடுவில் அவனுடைய சொந்தக் குரல். மூன்றையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் நடத்துவான். எனக்கு இரண்டு காதிலும் ஒரே ஆள் பேசினாலே பாதிதான் புரியும்.

நான் அவனுக்குப் பக்கத்து இருக்கை. பொட்டலங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிறுவனம் எங்களுடையது. நாங்கள் அதில் புகார்ப் பிரிவு. பொட்டலம் வரவில்லை, உடைந்து வந்தது, யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கிப் போய்விட்டார்கள் என்று அழைப்பவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு, அது எந்தக் கிடங்கில் கிடக்கிறது என்று கண்டுபிடித்து, கிளப்பி அனுப்பி, புகாரை மூட வேண்டும். இந்த வேலையில் எங்கள் எல்லோரையும்விட அவன் கெட்டிக்காரன். இதை அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் "தெரியும்" என்பான்.

அடக்கம் என்பது அவனுக்கு மருந்துக்குக்கூடக் கிடையாது. தெருவைக் கடக்கும்போது கேட்காமல் கொள்ளாமல் கையைப் பிடித்து இழுத்த ஒருவரிடம், "நான் ஒண்ணும் தொலைஞ்சு போகல சார். நீங்க எங்க போகணும்னு சொல்லுங்க, நான் வழி சொல்றேன்" என்று அவன் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அவன் எதிரில் 'பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்பவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகவே ஆகாது. "நேத்து ஒரு படம் பார்த்தேன், மகா மட்டம்" என்று வேண்டுமென்றே ஆரம்பிப்பான். அவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அது அவனுக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

புகார்ப் பிரிவுக்கு வருவதற்கு முன் எட்டொன்பது வருடம் கீழே முன் ஹாலில் இருந்தான். வெளியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பை எடுத்து, யார் வேண்டும் என்று கேட்டு, அந்தப் பிரிவுக்குத் தள்ளிவிடும் மேசை. கண் தெரியாதவர் என்றால் உட்கார வைக்க உலகத்துக்குத் தெரிந்த ஒரே நாற்காலி அதுதான். இத்தனைக்கும் அவன் கணினியில் பட்டம் வாங்கியவன். வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருவன். நேர்காணலுக்குப் போன இடமெல்லாம் எழுந்து நின்று கைகொடுத்தார்களாம், உங்களைப் பார்த்தால் எங்களுக்கே உற்சாகமாக இருக்கிறது என்றார்களாம், அதற்குப் பிறகு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்களாம். கடைசியில் எங்கள் நிறுவனம் கொடுத்தது முன் ஹால்.

"அந்த மேசையில உக்காந்தா நான் ஒரு குழாய் அக்கா. இந்தப் பக்கம் ஊத்துவாங்க, அந்தப் பக்கம் வழியும். நடுவுல என்கிட்ட ஒண்ணும் தங்காது" என்று ஒருமுறை சொன்னான். சம்பளத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தன் கையால் ஆரம்பித்துத் தன் கையால் முடிக்கிற ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. வருடா வருடம் கேட்டுக் கேட்டு, எங்கள் மேலாளர் அம்மாவின் காதைப் புண்ணாக்கி, ஒருவழியாக மூன்று மாதச் சோதனைக்கு மேலே வந்தான். மற்றவர்கள் மூடுகிற அளவுக்கு அவனும் புகார்களை மூட வேண்டும், முடியாவிட்டால் மறுபடி முன் ஹால் என்பது பேச்சு.

வந்த முதல் வாரமே தலையால் தண்ணீர் குடித்தான். பொட்டலத்தைக் கண்டுபிடிப்பதில் அவனுக்கு ஒரு சிரமமும் இல்லை. நாங்கள் வேலை செய்யும் வலைப்பக்கம்தான் அவனை உள்ளே விடவில்லை. வலைப்பக்கத்தில் பொத்தான் வைப்பதற்கென்று முறையான குறிச்சொல் ஒன்று இருக்கிறதாம். அதைப் போட்டுச் செய்தால், டேப் விசையைத் தட்டித் தட்டி ஒரு பொத்தானிலிருந்து அடுத்ததற்குப் போகலாம். படிக்கும் மென்பொருளும் 'சேமி, பொத்தான்' என்று சொல்லிவிடும். எங்கள் பக்கத்தைக் கட்டிய புண்ணியவான் அந்தச் சிரமம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வெறும் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு படத்தைப் போட்டுவிட்டார். பச்சையில் லாரி என்றால் அனுப்பு. சிவப்பில் பூட்டு என்றால் மூடு. சுட்டியைக் கொண்டுபோய்ச் சொடுக்கினால் வேலை நடக்கும். எங்களுக்கு அது பொத்தான். அவனுடைய மென்பொருளுக்கு அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

அதனால் அந்த வாரம் முழுவதும் அவன் பேசினான், நான் நாற்காலியை நகர்த்திக்கொண்டு போய் அவனுக்காகச் சொடுக்கினேன். எனக்கு அது பெரிய காரியமே இல்லை. அவனுக்குத்தான் ஒவ்வொரு சொடுக்கும் முதுகில் ஒரு அடி.

"வேலைய நீங்க செய்யறீங்க. நான் பக்கத்துல உக்காந்து பேசிட்டு இருக்கேன்" என்றான்.

"இதுல என்னப்பா இருக்கு, ஒரு கிளிக்குதானே?"

"அந்த ஒரு கிளிக்குக்குத்தான் அக்கா இங்க எல்லாருக்கும் சம்பளம் குடுக்கறாங்க."

அடுத்த வாரம் அவன் வந்த வேகமே வேறாக இருந்தது. சனி ஞாயிறு முழுக்க வீட்டில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தின் உள்ளே எழுதியிருப்பதை ஒரு வரி விடாமல் மென்பொருளைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். கேட்டதில் ஒன்று தட்டுப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பெட்டியின் குறிச்சொல்லுக்குள்ளும் ஆன்கிளிக் என்று ஒரு பண்பு எழுதியிருந்தது. சொடுக்கினால் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று அந்த வேலையின் பெயரும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. படம் அவனுக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பெயரை மென்பொருள் படிக்கும்.

உலாவியில் ஒரு விசையைத் தட்டினால் கன்சோல் என்று ஒரு கட்டம் திறக்கும். அதில் நாமே ஜாவாஸ்கிரிப்ட் வரிகளைப் போட்டு அந்தப் பக்கத்தின்மேல் ஓட்டலாம். அவன் ஆறேழு வரி எழுதி வைத்திருந்தான். என்னப்பா இது என்று கேட்டேன்.

"ஒரு கல்யாணக் கூட்டத்துல போய், 'கண்ணாடி போட்டவங்க எல்லாம் கொஞ்சம் எழுந்திரிங்க'ன்னு சொன்னா எழுந்திருப்பாங்கல்ல? அந்த மாதிரிதான். முதல் வரி, ஆன்கிளிக்னு யாருகிட்ட எழுதியிருக்கோ அவங்க எல்லாம் எழுந்திரிங்கன்னு சொல்லுது. எழுந்திரிச்சவங்க ஒவ்வொருத்தரையும் டேப் விசைக்கு எட்டற மாதிரி வைக்கறேன். நீ ஒரு பொத்தான்னு சட்டையில எழுதி விடறேன். அந்த வேலையோட பேரையே அதுக்குப் பேரா வச்சுடறேன். அவ்வளவுதான்."

"எல்லாத்தையும் எழுப்பாம, மூடற பொத்தான மட்டும் எழுப்ப முடியுமா?"

"முடியுமே. ஆன்கிளிக்ல 'குளோஸ்'னு ஆரம்பிக்கறவங்க மட்டும் எழுந்திரிங்கன்னா அவங்க மட்டும் எழுந்திருப்பாங்க. நீங்களும் தேறிடுவீங்க போலிருக்கே அக்கா."

அந்தப் பெயர்கள் பெரிய கூத்து. பக்கத்தைக் கட்டியவர் அவசரத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் வைத்திருந்தார். முகவரி மாற்றுகிற பெட்டிக்கு 'டெம்ப் டூ' என்று பெயர். வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற பெட்டிக்கு 'டோன்ட் டச் திஸ்' என்று பெயர். அதைக் கேட்டுவிட்டு ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தான். "முதலாளி மனசு புரிஞ்சு வேலை செஞ்சிருக்கான்" என்றான்.

அன்றைய முதல் புகார் ஒரு தையல்காரருடையது. இயந்திரத்துக்கு வாங்கிய மோட்டார் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. பேசினான், தேடினான், வேறொரு கிடங்கில் பெயர் மாறிக் கிடந்ததைப் பிடித்தான். டேப், டேப், டேப் என்று தட்டிக்கொண்டே போய், 'குளோஸ் கம்ப்ளெயிண்ட்' என்று காதில் கேட்டதும் எண்டரை அழுத்தினான். புகார் மூடியது. நான் நாற்காலியைவிட்டு அசையவில்லை. "மூடிட்டேன்" என்று பிரிவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தான். அவன் மனைவி வேலை செய்யும் மருந்துக் கடைக்குப் போன் போட்டு, "மூடிட்டேன்" என்று அங்கேயும் ஒருமுறை கத்தினான். எதை மூடினார், வீட்டுக் கதவையா என்று அந்தப் பெண் பயந்துபோனதாக அப்புறம் என்னிடம் சொன்னாள்.

மூன்று மாதம் போனது, நான்கு வருடம் ஆனது. தினமும் காலையில் வந்ததும் அந்த ஆறேழு வரியைக் கன்சோலில் போடுவான்; எத்தனை பெட்டி எழுந்தது என்று மென்பொருள் ஒரு எண்ணைச் சொல்லும்; அதற்குப் பிறகுதான் தண்ணீரே குடிப்பான். மாதா மாதம் புகார் மூடியவர்கள் வரிசையில் அவன் பெயர் மேலே இருக்கும். சோதனை என்ற பேச்சையே எல்லோரும் மறந்துவிட்டோம். ஆனால் அவன் மறக்கவில்லை. பக்கத்தில் எதையாவது மாற்றினால் அவனுடைய வரிகள் தடுக்கி விழும். அன்று அரை நாள் உட்கார்ந்து சரிசெய்வான். இன்னொரு கிளையில் முன் ஹாலில் இருந்த ஒரு பெண், அவளுக்கும் கண் தெரியாது, இந்த வரிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே கன்சோலையே பூட்டி வைத்திருந்தார்கள். அவளால் மேலே ஏற முடியவில்லை.

"நான் எனக்கு ஒரு ஏணி செஞ்சு வச்சுக்கிட்டேன். படிக்கட்டு உடைஞ்சு தானே கிடக்கு. அத அவங்க கட்டணும்ல?" என்றான்.

"சும்மா ஓடிட்டு இருக்கறத எதுக்குப்பா கிளறற? உன் வேலை நடக்குதுல்ல" என்றேன் நான்.

கேட்கிற ஆளா அவன்? கணினிப் பிரிவுக்கு முறைப்படி ஒரு புகார் எழுதினான். நானே வாசித்தேன், அதைவிடத் தெளிவாக ஒருவர் எழுத முடியாது. பக்கத்தில் பொத்தான் மாதிரி நடிக்கும் பெட்டிகள் இருநூற்றுச் சொச்சம் இருக்கின்றன, இவற்றைச் சுட்டி இல்லாமல் தொட முடியாது, படிக்கும் மென்பொருளுக்கு இவை தெரியாது, முறையான பொத்தான்களாக மாற்றித் தர வேண்டும். அவர்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று, அந்தப் பெட்டிகளைக் கண்டுபிடிக்கும் தன் தேடல் வரியையும் கூடவே எழுதிக் கொடுத்தான். இந்த வரியை ஓட்டினால் எல்லாம் கிடைக்கும் என்று. உதவி செய்வதாக நினைத்துத் தன் கையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தான்.

கணினிப் பிரிவுத் தலைவரை நாங்கள் டைக்காரர் என்போம். வெயிலோ மழையோ கழுத்தில் டை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவர்களிடமாவது சண்டை போட்டு ஜெயிக்கலாம். இவர் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார், நன்றி சொல்வார், போய்த் தன் இஷ்டத்துக்குச் செய்வார். ரேடியோவை ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார். மீட்டிங் அறைக்கு நானும் கூடப் போயிருந்தேன்.

"ரொம்ப அருமையான புகார் சார். நீங்க குடுத்த வரிய ஓட்டிப் பார்த்தோம். எங்க பார்த்தாலும் ஆன்கிளிக். பாதுகாப்பு ஆடிட்காரங்களும் இதே ஆன்கிளிக்க எடுக்கச் சொல்லி ஒரு வருஷமா உயிர வாங்கறாங்க. சேர்த்து முடிச்சுடலாம்."

"ஆன்கிளிக்க எடுக்கச் சொல்லல சார். பெட்டிய பொத்தானா மாத்தச் சொல்லியிருக்கேன்."

"அதேதான் சார்."

"அதே இல்ல சார். ஆன்கிளிக் நோய் இல்ல, அது நான் அடையாளத்துக்குப் புடிச்சது. பெட்டிதான் நோய்."

"புரியுது சார், நல்லா புரியுது" என்றார் டைக்காரர். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்ததும் அதை ரேடியோவிடம் சொன்னேன். "எழுத்துல இருக்குல்ல அக்கா, படிப்பாங்க" என்றான். ஊரில் எல்லோரையும் சந்தேகப்படும் அவன், எழுத்தில் இருப்பதை மட்டும் எல்லோரும் படிப்பார்கள் என்று நம்பினான்.

சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை புதுப் பக்கம் வந்தது. எங்கள் கண்ணுக்கு ஒரு மாற்றமும் இல்லை. அதே லாரி, அதே பூட்டு. ரேடியோ வந்து உட்கார்ந்து வரிகளைப் போட்டான். காதில் கேட்டதைக் கேட்டுவிட்டு மறுபடி போட்டான். பிறகு ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "பூஜ்யம்" என்றது மென்பொருள்.

முதலில் அவன் சந்தோஷப்பட்டான். எல்லாப் பெட்டியையும் பொத்தானாக மாற்றிவிட்டார்கள், இனி எழுப்புவதற்கு ஆளே இல்லை, அதனால்தான் பூஜ்யம் என்று நினைத்தான். "மாத்திட்டாங்க அக்கா!" என்று சொல்லிக்கொண்டே டேப் விசையைத் தட்டினான். பக்கத்தில் எங்கேயும் நிற்காமல் தாண்டி ஓடி, உலாவியின் முகவரிக் கட்டத்தில் போய் நின்றது. மறுபடி தட்டினான். மறுபடி அங்கேயே போனது. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, எடுத்து வைக்க மறந்துபோன மாதிரி.

அரை மணி நேரத்தில் அவனே நோண்டிக் கண்டுபிடித்தான். ஒவ்வொரு பெட்டியிலும் எழுதியிருந்த ஆன்கிளிக்கைச் சுத்தமாக அழித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் பக்கத்தின் உச்சியில் ஒரே ஒரு காவலாளை நிறுத்தியிருந்தார்கள். எங்கே சொடுக்கினாலும் அந்தக் காவலாள் கேட்டு, எந்தப் பெட்டி என்று பார்த்து, உரிய வேலையை நடத்துவான். அந்த ஏற்பாடு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள் இருக்கிறது. பெட்டியின்மேல் ஓர் எழுத்துகூட இல்லை. அவனுடைய தேடல் பார்ப்பது பெட்டியின்மேல் எழுதியிருப்பதை மட்டும்தான். எழுதாமல் ஒட்டவைத்ததை அதனால் பார்க்க முடியாது. இந்த முறையில் தப்பொன்றும் கிடையாது, இதுதான் நல்ல முறை என்று அவனே சொன்னான். பெட்டியைப் பொத்தானாக்கிவிட்டு இதைச் செய்திருந்தால் அவனே கை தட்டியிருப்பான். பெட்டி பெட்டியாகவே இருந்தது. அதில் அவன் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பிடியைப் பிடுங்கிவிட்டார்கள்.

இன்னொரு கொடுமையும் சேர்ந்துகொண்டது. உச்சியில் காவலாள் நிற்பதால் மொத்தப் பக்கமும் சொடுக்கத்தக்கது என்று மென்பொருள் முடிவுகட்டிவிட்டது. "சொடுக்கலாம், வாடிக்கையாளர் பெயர். சொடுக்கலாம், தேதி. சொடுக்கலாம், எடை" என்று ஒவ்வொரு வார்த்தைக்கு முன்னாலும் அவன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தது. சொடுக்க வேண்டிய பெட்டிகளில் படிக்க எழுத்து இல்லாததால் அவற்றை மட்டும் தாண்டிப் போனது.

பெட்டிகளை வேறு அடையாளத்தால் பிடிக்கப் பார்த்தான். தோற்றத்துக்காகப் பெட்டிகளுக்கு வைக்கும் வகைப்பெயரை வைத்துத் தேடினான். புதுப் பக்கத்தில் அந்தப் பெயர்களெல்லாம் இயந்திரம் வைத்த கன்னாபின்னா எழுத்துகள், ஒவ்வொரு முறை பக்கத்தைப் புதுப்பிக்கும்போதும் மாறிவிடும். அன்று பிடித்தது மறுநாள் இல்லை. மூன்றாம் நாள் பாதுகாப்பு ஏற்பாடு என்று சொல்லி எங்கள் கிளையிலும் கன்சோலைப் பூட்டினார்கள். அதோடு கதை முடிந்தது. நான் மறுபடி நாற்காலியை நகர்த்திக்கொண்டு போனேன்.

அவனுடைய அழைப்புகள் தேங்க ஆரம்பித்தன. ஒரு அம்மா தன் மகனுக்கு அனுப்பிய மருந்தைத் தேடி அழைத்தார். ரேடியோ இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான். நான் அப்போது என் அழைப்பில் இருந்தேன். அனுப்பு என்ற பெட்டியைத் தொட முடியாமல், "ஒரு நிமிஷம் இருங்கம்மா, ஒரு நிமிஷம்" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த அம்மா, "கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தா குடுங்கப்பா" என்றாராம். அதை அவன் எனக்குச் சொல்லிக் காட்டியபோது குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கணினிப் பிரிவுக்குப் போனோம். டைக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"உங்க புகார முழுசா முடிச்சுட்டோம் சார். வேற யார் சோதனையும் வைக்கல, நீங்க குடுத்த அதே வரியத்தான் ஓட்டினோம். முன்னாடி இருநூத்துச் சொச்சம். இப்ப பூஜ்யம்."

"வீட்டு வாசல்ல இருந்த பேர்ப்பலகைய எல்லாம் கழட்டிட்டு, தெருவுல ஆளே குடியில்லன்னு சொல்றீங்க சார்."

"அளவுகோல் உங்களோடது தானே சார்?"

"நான் குடுத்தது அளவுகோல் இல்ல. எங்க ஓட்டை இருக்குன்னு காட்டறதுக்குக் குடுத்தேன்."

"இத புதுக் கோரிக்கையா போடுங்க சார். அடுத்த வருஷத் திட்டத்துல பார்த்துக்கலாம்" என்றார். நானும் வாயைத் திறந்தேன். "கண்ண மூடிக்கிட்டு நீங்க ஒரு புகார மூடிக் காட்டுங்க சார், நாங்க போயிடறோம்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "மேடம் எப்பவும் தமாஷ்தான்" என்றார். படித்த மனிதரை முகத்தில் அடித்தாற்போலப் பேசியும் வலிக்காவிட்டால் என்னதான் செய்வது?

மாதக் கடைசியில் மேலாளர் அம்மா அவனைக் கூப்பிட்டார். அவரும் நல்லவர்தான். அந்த அலுவலகத்தில் எல்லோருமே நல்லவர்கள். "உங்க திறமையில எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. பக்கம் சரியாகற வரைக்கும், தற்காலிகமா, கீழ ஹால்ல இருங்க. இங்க இருந்தா உங்களுக்குத்தான் மன உளைச்சல்" என்றார். ரேடியோ வெளியே வந்து மேசை இழுப்பறையைக் காலி செய்தான். தன் விசைப்பலகையைத் தானே தூக்கிக்கொண்டான். நான் ஒரு பையை வாங்கிக்கொள்ள வந்தபோது, "வேணாம் அக்கா, வழி தெரியும். ஒம்பது வருஷம் இருந்த இடம்" என்றான்.

அவன் மனைவியை ஒருநாள் மருந்துக் கடையில் பார்த்தேன். தலைவலி மாத்திரை வாங்கத்தான் போனேன், தலைவலியோடுதான் திரும்பினேன். மாத்திரையை வெட்டிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"முன்னாடியெல்லாம் வீட்டுக்கு வந்தா செருப்ப கழட்டறதுக்குள்ள ஆரம்பிச்சுடுவாருக்கா. இன்னைக்கு எந்தப் பொட்டலம், எங்க மாட்டுச்சு, எப்படிப் புடிச்சேன்னு. பொண்ணு சாப்பிடாம உக்காந்து கேக்கும். நேத்து அவ போய், 'அப்பா, இன்னைக்கு எதுப்பா தொலைஞ்சுது'ன்னு கேட்டா. 'அப்பாதான்டா'ன்னுட்டுப் போய்ப் படுத்துட்டாரு."

சில்லறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவன் கீழே போய் இரண்டு மாதம் இருக்கும். மதிய இடைவேளையில் அவனோடு தேநீர் குடிக்க நான் ஹாலுக்குப் போயிருந்தேன். டைக்காரர் படியிறங்கி நேரே எங்களிடம் வந்தார். கணினிப் பிரிவில் ஒரு புகாரை மூட வேண்டுமானால், அதைக் கொடுத்தவர் தீர்ந்ததா இல்லையா என்று பதில் சொல்லியாக வேண்டும் என்பது விதி. ரேடியோ பதில் சொல்லாததால் அந்தப் புகார் மட்டும் இன்னும் திறந்தே கிடக்கிறது. மறுநாள் மேலிடத்துக் கூட்டம். அங்கே அது முடிக்காத புகார் என்று சிவப்பாகத் தெரியும்.

"சும்மா ஒரு கன்ஃபர்மேஷன் தான் சார்."

"தீரலன்னு அழுத்தலாமா?"

"தாராளமா சார். அது உங்க உரிமை."

ரேடியோ நிமிர்ந்து உட்கார்ந்தான். ரொம்ப நாள் கழித்து அவன் முகத்தில் அந்தப் பழைய திமிரைப் பார்த்தேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தீரவில்லை என்று அவன் பதில் சொல்லிவிட்டால், அந்தப் புகார் மேலிடத்துக்குப் போகும். அங்கே யாராவது ஒருவராவது கேள்வி கேட்பார்கள். அவன் மேலே வருவதற்கு மிச்சமிருந்த ஒரே வழி அது. டைக்காரர் அவனுடைய கணினியிலேயே பதில் சொல்லும் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று ரேடியோ ஹெட்போனைப் பிடுங்கினான்.

"சொடுக்கலாம், உங்கள் புகார் தீர்ந்ததா?" என்றது மென்பொருள். அவன் கீழ்நோக்கிய விசையைத் தட்டினான். "சொடுக்கலாம், அனைத்து உரிமைகளும் எங்களுக்கே" என்று பக்கத்தின் கடைசி வரியைப் படித்தது. மேலே போனான், கேள்வி வந்தது. கீழே வந்தான், கடைசி வரி வந்தது. டேப் விசையைத் தட்டினான், எங்கும் நிற்கவில்லை. கேள்விக்கும் கடைசி வரிக்கும் நடுவில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் பச்சையில் சரிக்குறி, ஒன்றில் சிவப்பில் பெருக்கல் குறி. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"கேள்வி கேக்குது சார். பதில் சொல்ற எடத்ததான் காணோம்" என்றான் ரேடியோ.

"இதோ இருக்கே சார், கேள்விக்குக் கீழயே, பெருசா" என்று டைக்காரர் திரையில் விரலை வைத்துக் காட்டினார். அவனுக்கு, விரலை வைத்து. பிறகு அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சிரமப்படாதீங்க சார், நான் அழுத்தறேன்" என்று சுட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"தீரலன்னு அழுத்துங்க."

"சரி சார்."

அம்பு பச்சைக்குப் போனது. சார் என்று நான் வாயைத் திறப்பதற்குள் சொடுக்கிவிட்டார். மென்பொருள் அதைத் திக்காமல் திணறாமல் அழகாகப் படித்தது: "நன்றி. உங்கள் புகார் உங்கள் ஒப்புதலுடன் முடிக்கப்பட்டது."

"அடடா, கை தவறிடுச்சு சார். புதுசா ஒண்ணு போட்டுக்கலாம், நானே போட்டுத் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே டைக்காரர் படியேறிவிட்டார். வேண்டுமென்று செய்தாரா, பழக்கத்தில் கை போய்விட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதுவாக இருந்தாலும் என் வாயில் வந்ததையெல்லாம் அவர் முதுகைப் பார்த்துக் கத்தினேன். நீயெல்லாம் மனுஷனாடா என்று அவர் வயதுகூடப் பார்க்காமல் கத்தினேன். ஹாலில் பொட்டலம் கொடுக்க வரிசையில் நின்றிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"கத்தாதீங்க அக்கா" என்றான் ரேடியோ மெதுவாக. "ஹால் பூரா ஆளுங்க இருக்காங்க. உங்கள யாரும் பார்க்க மாட்டாங்க. என்னைத்தான் பாவம்னு பார்ப்பாங்க."

நான் சுற்றிலும் பார்த்தேன். அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.